மக்ரோ வேரியபிளில் வந்து விழுந்த 31

ஹீட்டருக்கு மேல் காயப்போட்ட கம்பளிக் கையுறையின் ஈர வாசம்... 2004-ஆம் ஆண்டுக் குளிர்காலம் என்றால் எனக்கு முதலில் அதுதான் வரும்.

மொன்றியல் துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்ன அலுவலகம். டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த எனக்குக் கிடைத்த முதல் கொம்பியூட்டர் வேலை. மூன்று மாத ஒப்பந்தம். நீடிக்காவிட்டால் திரும்பவும் தட்டுத்தான்!

எந்தக் கொண்டெய்னர் எத்தனை நாள் காத்துக் கிடக்கிறது என்று திங்கட்கிழமை பத்து மணிக்குள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். நான் என்ன செய்வேன் தெரியுமா? திரையில் 'நாள்' என்ற கொலத்தை, அந்த எண் நிரலை, மேலிருந்து கீழே விரலால் தடவி, இருப்பதில் பெரிய எண்ணைப் பிடித்து, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வேன். பிறகு புரோகிராமில் பதினொரு இடத்தில் அதைக் கையால் மாற்றுவேன். அந்த எண்வரைதான் அது பட்டியல் போடும். சிரிக்காதீர்கள்...

ஒரு திங்கள் பத்து இடத்தில் 25 என்று மாற்றிவிட்டு, கடைசி இடத்தில் போன வாரத்து 19-ஐ அப்படியே விட்டுவிட்டேன். பத்தொன்பது நாளுக்கு மேல் கிடந்ததெல்லாம் பட்டியலில் காணாமல் போய்விட்டது.

கொண்டெய்னர் அடுக்கும் யார்டில் வேலை செய்த மன்னார்க்கார அன்ரன் அண்ணை போன் எடுத்தார்.

"தங்கச்சி, உம்மடை லிஸ்ட்டில இல்லாத மீன் கொண்டெய்னர் பெட்டி ஒண்டு இஞ்ச நிக்குது. இருபத்தஞ்சு நாளாம்."

மனேஜர் கத்தவில்லை. இன்னொரு முறை நடந்தால் ஒப்பந்தம் நீடிக்காது என்று மட்டும் சொன்னார். கத்தியிருக்கலாம்.

அந்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் புரோகிராமின் தடித்த மனுவல் புத்தகமும் நானும்தான். புதன்கிழமை கண்டேன்... ஒரேயொரு வரி! கொலத்தில் உள்ள மிகப் பெரிய எண்ணைப் புரோகிராமே எடுத்து ஒரு மக்ரோ வேரியபிளில், எண்ணைப் பிடித்துவைக்கும் ஒரு பெயருக்குள், போட்டுக்கொள்ளும். பதினொரு இடத்திலும் எண்ணுக்குப் பதில் அந்த வேரியபிளின் பெயரை எழுதிவிட்டால் போதும். பிறகு நான் எதையும் தொடத் தேவையில்லை!

அடுத்த திங்கள் ரன் கொடுத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

31.

பதினொரு இடத்திலும் 31! உள்ளங்கையில் ஒரு மைப் பொட்டுக்கூட இல்லை. கதிரையை விட்டு எழும்பிக் கத்தியே விட்டேன். உடனே அண்ணைக்குப் போன்.

"அண்ணை, முப்பத்தொரு நாள் பெட்டி ஒண்டு அங்க நிக்குதோ? பாத்துச் சொல்லுங்கோ!"

"ஓம், நிக்குது. ஆர் உமக்குச் சொன்னது?"

"புரோகிராம் சொன்னது! நில்லுங்கோ, நான் வாறன்."

"இந்தக் குளிருக்கையோ? உமக்கென்ன விசரே?"

கையுறையை ஹீட்டரிலேயே விட்டுவிட்டு ஓடினேன். பச்சைப் பெட்டி, மேலே ஒரு சாண் பனி. வெறும் கையால் தொட்டுப் பார்த்தேன். அப்படிக் குளிர்ந்தது! அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

ஒப்பந்தம் நீண்டது. பிறகு வேலையும் நிரந்தரமானது.

இப்போது நான் கேட்காமலே பெரிய எண் திரையில் சிவப்பாக மினுங்குகிறது. யாரும் விரலால் தடவத் தேவையில்லை. நல்லதுதான்.

போன திங்கள் 44 என்று வந்தது... ஒரு மிடறு கோப்பி குடித்துவிட்டு அடுத்த மெயிலைத் திறந்தேன்.