மந்திரி சொல்லாத மண்டபம்

புஷ்பராணி அக்கா போய்விட்டார் என்பது எனக்குச் செய்தியாக வரவில்லை. மண்டபத்தை எந்த நாளைக்கு எடுப்பது என்ற கேள்வியாக வந்தது. பதுளை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். மண்டபக் காவலாளி முனியாண்டி போனில், “சேர், அஞ்சலிக் கூட்டத்துக்கு ஞாயித்துக்கிழமதான் ஹோல் சும்மா இருக்கு. போட்டுறவா?” என்றார். “யாருக்கப்பா அஞ்சலி?” என்று கேட்டேன்.  “ஐயையோ, ஒங்களுக்கு யாரும் சொல்லலியா? நம்ம கோர்ட்டு அக்காவுக்குத்தான் சேர்” என்றார். அதற்கு நான் நாற்காலி போதுமா, மின்விசிறி சுற்றுமா என்றெல்லாம் கேட்டேனாம். பின்னால் முனியாண்டி சொல்லித்தான் தெரியும். நான் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போய்விட்டது.

அக்காவை அறிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, படித்து, பதுளை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். சாட்சி தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும், வழக்கறிஞர் சிங்களத்தில் கேட்பதைத் தமிழிலும் சொல்கிற வேலை. எனக்கும் அதே வேலைதான். ஒரே மேசையில் எதிரெதிரே பல வருடம் உட்கார்ந்தோம். பஜாரில் எங்கள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருந்ததால் என்னை ‘டவுன்காரரே’ என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் ‘சிவா’.

ஒருநாள் கூண்டில் நின்றவன் ஆத்திரத்தில் நீதிபதியைப் பார்த்தே தமிழில் திட்டிவிட்டான். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை. நானாக இருந்தால் ‘அதிருப்தி தெரிவிக்கிறார்’ என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். ‘கனம் நீதிபதி அவர்களே’ என்று மரியாதையாகத் தொடங்கி, அந்த வார்த்தையை அப்படியே சிங்களத்தில் எடுத்து வைத்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். “ஏங்க்கா, கொஞ்சம் பூசி மெழுகியிருக்கக் கூடாதா?” என்று அன்று பகல் சாப்பாட்டின்போது கேட்டேன். “நாக்கு மட்டுந்தான் நம்மளுது, டவுன்காரரே. வார்த்த அவங்களுது. அதுல கை வைக்க நாம யாரு?” என்றார். அவர் அடிக்கடி சொன்ன பேச்சு அது. உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவது அதோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு தேர்தல் காலம் வந்தால் அக்காவுக்குத் தனி மவுசு. சிங்களத்தில் பேசும் வேட்பாளர்கள் தோட்டங்களுக்கு வரும்போது, பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல நம்பகமான ஆள் வேண்டும். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவார். ஒவ்வொரு தேர்தலிலும் பதுளைக்கு ஒரு கலாசார மண்டபம் வரும், வாசிகசாலை வரும், விளையாட்டு மைதானம் வரும். எல்லாவற்றுக்கும் நிதி ‘ஒதுக்கப்படும்’. வாக்குப் பெட்டியை மூடியதும் அவையெல்லாம் கொழும்பு ரயிலில் ஏறிப் போய்விடும். அக்கா அத்தனையையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்து இளைஞர்கள் ஒரு நாடகத்தைத் தயார் பண்ணி டவுனுக்குக் கொண்டு வந்தார்கள். தருவதாகச் சொன்ன இடத்தைக் கடைசி நேரத்தில் வேறு யாருடைய கல்யாணத்துக்கோ கொடுத்துவிட்டார்கள். சந்தைக்கு முன்னால் திறந்த வெளியில் ஆடினார்கள். பதுளை மழை கேட்கவா வேண்டும்? ராஜா வேஷம் போட்டவனின் முகச்சாயம் கழுத்து வரை வழிந்தது. அக்கா தன் குடையைக் கொண்டுபோய் அவன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நாடகம் முடியும் வரை நின்றார். சனங்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “நம்ம புள்ளைங்க ராஜாவானாலும் மழையிலதான் நிக்கணுமா?” என்றார். அழுதாரா, மழையா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த தேர்தலில்தான் அது நடந்தது. தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்து மைதானத்தில் கூட்டம். துணைக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தார். வேட்பாளர் நல்ல மனிதர், குரல் கனமானவர். “உங்களது கலாசாரத் தேவைகள் தொடர்பில் உரிய காலத்தில் உரிய கவனம் செலுத்தப்படும்” என்று சிங்களத்தில் சொல்லி நிறுத்தினார். அக்கா மைக்கை வாங்கினார்.

“பதுளை டவுன்ல, பஸ் ஸ்டாண்டுலருந்து நடந்து போற தூரத்துல, ஒங்களுக்கு ஒரு மண்டபம் கட்டித் தர்றேன். நல்லா அகலமான மேட. மழ ஒழுகாத கூர. தோட்டத்து ஆளுங்களுக்கு வாடக பாதி. கல்யாணமோ, கூத்தோ, கூட்டமோ, யாரு வாசல்லயும் போய்க் கெஞ்சத் தேவையில்ல.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. வேட்பாளருக்கு ஒரே சந்தோஷம். தலையை ஆட்டிக்கொண்டே அக்காவிடம் குனிந்து, “நான் என்ன சொன்னேன்?” என்று சிங்களத்தில் கேட்டார். “நல்லதைத்தான் சொன்னீங்க ஐயா” என்றார் அக்கா, அவரும் சிங்களத்தில்.

இங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. எங்கள் சனங்களுக்குச் சிங்களம் தெரியாதா என்ன? கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பாஷையில்தானே போய் வருகிறார்கள். அந்த மைதானத்தில் பாதிப் பேருக்காவது அவர் சொன்னது வேறு, இவர் சொன்னது வேறு என்று புரிந்திருக்கும். அவர்களும் சேர்ந்துதானே கைதட்டினார்கள்! யாரை யார் ஏமாற்றினார்கள்? அன்றிலிருந்து யோசிக்கிறேன், விடை கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே சண்டை பிடித்தேன். “என்னக்கா இது அநியாயம்? அவரு அப்படியா சொன்னாரு?”

“அப்ப என்ன சொன்னாரு? நீயே தமிழ்ல சொல்லு பாப்போம்.”

“உரிய காலத்தில் உரிய கவனம்...” என்று ஆரம்பித்தேன்.

“அதத் தமிழ்ல சொன்னா வெறும் காத்துதான் வருது, சிவா. மைக்குல ஊதிட்டு வரச் சொல்றியா?”

முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று கோபம். இத்தனை வருடமும் அதே காற்றைத்தானே அப்படியே ஊதினார்? நீதிமன்றத்தில் ஒரு சாட்சி மழுப்பினால், அந்த மழுப்பலை மழுப்பலாகவே மொழிபெயர்த்தவர் அல்லவா? கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி, அந்த வேட்பாளருக்கு ஆதரவு போலும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. “அவருக்கா போட்டீங்க?” என்று தேர்தல் அன்று கேட்டதற்கு, “போட்டத வெளிய சொன்னா அது வாக்கா?” என்று வாயை அடைத்துவிட்டார்.

அந்த வேட்பாளர் வென்றார். சட்டப்படி வெறும் பாராளுமன்ற உறுப்பினர்தான், ஆனால் நாங்கள் மந்திரி என்றுதான் சொல்வோம். யாரோ ஒருவர் அன்றைய பேச்சைப் போனில் பிடித்திருந்தார். சிங்களம் முடிந்து தமிழ் தொடங்கிய இடத்திலிருந்துதான் பிடித்திருந்தார். அதில் கேட்பது அக்காவின் குரல். தெரிவது மந்திரியின் முகம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் தலையாட்டுகிறார். பஜார் கடைக்காரர்களும் தோட்டத்து ஆட்களும் அதைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனார்கள், திரும்பத் திரும்பப் போனார்கள். அக்கா ஒருமுறைகூடப் போகவில்லை. மந்திரி முதலில் விழித்தார், பிறகு முகம் சுளித்தார், கடைசியில் நிதி வாங்கிக் கொடுத்தார். கேட்ட தொகையில் பாதிதான். ஆனாலும் மண்டபம் வந்தது. கூரை ஒழுகவில்லை.

திறப்பு விழாவுக்கு அந்த இளைஞர்களே மீண்டும் நாடகம் போட்டார்கள். இடைவேளையில் பெண்கள் கும்பலாக வெளியே போவதைப் பார்த்தேன். மண்டபத்தில் ஒரு கழிப்பறைகூட இல்லை. பஸ் நிலையம் வரை நடந்து போய்வந்தார்கள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி போனவள் திரும்பவே இல்லை. அக்கா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் விழுந்துவிட்டது. “அவசரத்துல கக்கூஸ மறந்துட்டேன், சிவா” என்றார். அந்தக் காரியத்தைப் பற்றி அவர் தானாகச் சொன்ன ஒரே பேச்சு இதுதான். பொய் சொன்னேன் என்று வருத்தப்படவில்லை. பொய்யில் ஒன்று குறைந்துபோனதே என்று வருத்தப்பட்டார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு கழிப்பறைக்காக எத்தனையோ பேர் கேட்டார்கள். ‘கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது’ என்றார்கள். அக்காவின் மூச்சு சரியில்லாமல் போனது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோதும், “கட்டுறாங்களா?” என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம். மந்திரியும் வந்தார். வேறு ஆள் இல்லாததால் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். முதலில் அவர் அக்காவைப் பற்றி உண்மையாகவே நன்றாகப் பேசினார். பிறகு, “இந்த மண்டபத்தைக் கட்டித் தருவதாக நான் வாக்குக் கொடுத்த ஞாபகம் எனக்கில்லை. ஆனால் அந்த அம்மா சொன்னால் நான் சொல்லியிருப்பேன்” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தெரிந்துதான் பேசுகிறாரா, தெரியாமலா? அவர் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. நாக்கு தடுமாற அதை அப்படியே தமிழில் சொன்னேன். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் அக்காவின் மகள் அழுதுகொண்டே சிரித்தார்.

கடைசியாக மந்திரி, “அன்னாரின் நினைவாக மேலும் வசதிகள் குறித்து உரிய கவனம் செலுத்துவோம்” என்று முடித்தார். மைக்கை என் கையில் கொடுத்தார். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ஆமாம், அக்கா சொன்னது சரிதான், வெறும் காற்று. பிறகு என் குரல் எனக்கே கேட்டது.

“அடுத்த தீபாவளிக்குள்ள இந்த மண்டபத்துக்குப் பின்னாடி பொம்பளைங்களுக்குத் தனியா கழிப்பறை கட்டித் தர்றேன். தண்ணிக் கொழா, லைட்டு, உள் தாழ்ப்பா எல்லாம் இருக்கும். புஷ்பராணி அக்கா பேருல.”

பெண்கள்தான் முதலில் எழுந்தார்கள். கைதட்டல் ஓயவே இல்லை. மந்திரி தலையாட்டிக்கொண்டே என் காதருகில் குனிந்து, “நான் என்ன சொன்னேன்?” என்றார். அன்று மைதானத்தில் அக்கா சொன்ன பதிலையே சொன்னேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன? அவருடைய நேர்மை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது நேர்மையா என்று எனக்கு இன்னும் தெளியவில்லை. நான் செய்தது சரியா என்றும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: அவர் மறந்ததை நான் சொல்லிவிட்டேன், இனி அது என் தலையில். முனியாண்டி தமிழ்ப் பகுதியை மட்டும் போனில் பிடித்து வைத்திருக்கிறார். திங்கட்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு மந்திரியைப் பார்க்கப் போகிறோம். அக்காவை அறிந்தவர்கள் பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.

இதையெல்லாம் பகிரங்கமாக எழுதுகிறாயே என்று நீங்கள் பயப்பட வேண்டாம். மந்திரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால்தான் உண்டு. அவர் அதற்குக் கூப்பிடக்கூடிய ஆள் பதுளையில் இப்போது நான்தான்.