சிறிலின் தவக்கால ரத்தம்

பலாபத்வலவில் ஏ-9 வீதியோரம் ரோல்ஸும் கட்லட்டும் பொரித்து விற்கும் சிறில், பன்றி இறைச்சி என்றால் உயிரை விடுவார். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் மட்டும் முழுச் சன்னியாசி. இறைச்சியையும் சாராயத்தையும் திரும்பியும் பார்க்கமாட்டார். அதன் கடைசியில், பெரிய வாரம் பிறந்ததும் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுப்பார். கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட் பளிச்சென்று வரும். "பாத்தியா?" என்று மனைவி டொறீனிடம் ஆட்டிக் காட்டிவிட்டு, கிளினிக் மாத்திரைகளை அலுமாரிக்குள் தள்ளிவிடுவார். பெரிய கெட்டிக்காரர்தான்!

சிறிலின் அண்ணன் ஜெராட்டும் இதே கெட்டிக்காரர். போன கார்த்திகையில், ஐம்பதைக் காணாமலே மாரடைப்பில் போய்விட்டார். அதிலிருந்து டொறீனுக்கு ஒரே பயம். இந்த வருடமும் ரிப்போர்ட் பளிச்சென்றுதான் வந்தது. அவள் மசியவில்லை. கழுத்தை ஸ்கேன் பண்ண அவரை அதே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டொக்டர் நிரஞ்சலா யாழ்ப்பாணத்துக்காரி. திரையில் சிறிலின் கழுத்து ரத்தக்குழாய் விரிந்து சுருங்கியது.

"இஞ்ச பாருங்கோ. சுவர் தடிச்சிருக்கு."

"ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்குங்க டொக்டர்?"

"அது இப்ப ஓடுற ரத்தத்தைத்தான் சொல்லும். இவ்வளவு வருசமா சுவருக்குள்ள சேர்ந்ததைச் சொல்லாது."

டொக்டர் விளக்க விளக்க, சிறில் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். மிஞ்சிய கொழுப்பு மெல்ல இந்தச் சுவருக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கிறதாம். அங்கேயே கிடந்து, நாள்பட்ட எண்ணெய் மாதிரிக் காறிப்போகிறதாம். உடனே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. ரத்தத்தில் போகும் வெள்ளணுக்கள் சுவருக்குள் புகுந்து, காறிய கொழுப்பை விழுங்குகின்றன. போதும் என்று நிறுத்தத் தெரியாது. விழுங்கி விழுங்கி நுரையாக ஊதி, நகர முடியாமல் அங்கேயே செத்துப்போகின்றன. அந்தக் குப்பையை அள்ள இன்னும் வருகின்றன. அவையும் அப்படியே. சுவர் தடிக்கிறது. இவ்வளவும் நடந்தும் சிறிலுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

"அப்ப அதுங்க என்னையக் காப்பாத்தத்தான் வந்துச்சுங்களா?"

"ஓம். அதுக்குத்தான் வருதுகள்."

சிறிலுக்கு உடம்பு சிலிர்த்தது. தனக்காக ஒருவர் உயிர்விட்டார் என்று ஞாயிறுதோறும் கோயிலில் கேட்டு வளர்ந்தவர் அவர். தன் கழுத்துக்குள்ளேயே, தான் ரோல்ஸ் சுருட்டும்போதும் குறட்டை விடும்போதும், கணக்கில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யார் சொன்னார்கள்? அந்த இடத்தைத் தொடவே அவருக்குக் கை கூசியது.

"இதக் கொறைக்க ஏலுமாங்க?"

"வந்த தடிப்பு லேசில போகாது. இனிக் கூடாமப் பார்க்கலாம். கொலஸ்ட்ரோல் குளிசையை மட்டும் விடாதேங்கோ."

வெளியே, ரத்தச் சோதனைக்குத் திகதி போட்டுத் துண்டு எழுதும் மதுஷிகா அவரைப் பார்த்துச் சிரித்தாள். வருடாவருடம் பார்க்கும் முகமல்லவா.

"அடுத்த ரத்தம் வழக்கம்போலப் பெரிய வாரந்தானே, அங்கிள்?"

சிறில் டொறீனைப் பார்த்தார். அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல மகள்," என்றார். "ஆனி மாசம் எங்க கோயில் திருநாள். ஊரே பன்றிக்கறி ஆக்கும். இனி ரிப்போர்ட்ட ஏமாத்த வேணாம், அது முடிஞ்ச கையோட போடுங்க."