இறக்கத்தில் இஞ்சின் சத்தம்

தோல்வியை வெளியே சொல்வது எங்கள் குடும்பத்துக்கு ஆகாது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டியிருப்பதால் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால்கூட நமக்குக் கேட்கும். அப்படியும் மூடி மறைப்பதில் நாங்கள் படு கெட்டிக்காரர்கள். நான் பரீட்சையில் தவறியபோது, ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று மாதக்கணக்கில் சொல்லித் திரிந்தோம். சர்க்கரை வியாதியில் அண்ணனுக்குக் கண் மங்கியபோது, ஆட்டோ ரிப்பேர் என்றோம். தோட்டத்துக்கும் பசறை டவுனுக்கும் ஓடிக்கொண்டிருந்த அந்த ஆட்டோதான் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது. அது படங்கு போர்த்தி லயத்துக்குப் பக்கத்தில் நின்றது. அண்ணனும் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார். ஆள் வந்து கூப்பிட்டாலும் வெளியே வரமாட்டார்.

அவர் வண்டியை விற்க ஆள் பார்த்தபோதுதான் அண்ணி குறுக்கே விழுந்தார்.

"விக்க வேணாம். நான் ஓட்டுறேன்."

"லைசன்ஸ் எடு, பாப்போம். எடுக்காட்டி வித்துருவேன்" என்றார் அண்ணன்.

விடியற்காலையில், ஆட்கள் கண்ணில் படுமுன், பாதிப் பார்வையோடு பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அண்ணிக்குச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் பக்கத்து ஆட்டோக்காரர்களின் ஒரு பழக்கமும் அதில் சேர்த்தி: இறக்கம் வந்தால் இஞ்சினை நிப்பாட்டிவிட்டு உருண்டே இறங்குவது. பெட்ரோல் மிச்சம்.

லைசன்ஸுக்கு ஓட்டிக் காட்டும் டிரயலுக்குப் பதுளைக்கு நானும் துணைக்குப் போனேன். அண்ணி நன்றாகத்தான் ஓட்டினார். ஓர் இறக்கம் வந்ததும் கை தானாகப் போய் இஞ்சினை நிறுத்திவிட்டது. பின்னால் இருந்த அதிகாரி பதறிப்போய் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாராம். "எறக்கந்தானே சார், அது பாட்டுக்குப் போகும்" என்று இவர் நிதானமாக விளக்கியிருக்கிறார். இஞ்சின் இல்லாமல் வண்டி எப்படிக் கட்டுப்படும் என்று கேட்டுவிட்டு, அதிகாரி தாளில் கோடு போட்டாராம். பெயில்.

திரும்பி வரும் பஸ்ஸில் எங்கள் குடும்ப வைத்தியத்தை எடுத்துவிட்டேன். "யாரும் கேட்டா, இன்னைக்கி டிரயல் நடக்கலன்னு சொல்லிருவோம் அண்ணி."

"ஏன் தம்பி? அதான் நடந்துச்சே."

அன்று பின்னேரம் லயத்துப் பெண்கள் எல்லோரும் மலை ஊற்று கொட்டும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் அண்ணி குடத்தை இறக்கி வைத்து, யாரும் கேட்பதற்கு முன்பே, "நான் பெயிலு. எறக்கத்துல இஞ்சின நிப்பாட்டிட்டேன்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணியும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்குள் அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. எல் போர்டு மாட்டிக்கொண்டு அண்ணி ஓட்டிப் பழக, அண்ணனுக்குப் பதில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் லைசன்ஸ் இருந்தது, அந்த வளைவுகளில் ஆட்டோ ஓட்டும் துணிச்சல்தான் இல்லை. இறக்கத்தில் பழக்க தோஷத்தில் அண்ணி இஞ்சினை நிறுத்தினார். உடனே மேலே தேயிலைக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, இஞ்சின் சத்தம் கேக்கல."

கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் காதைத் தீட்டி வைத்திருந்தார்கள். அதன் பிறகு எந்த மலையில் வேலை நடந்தாலும் அங்கிருந்து குரல் வரும். கூடையோடு நிமிர்ந்து நின்று கத்துவார்கள். அண்ணி சிரித்துக்கொண்டே மறுபடி ஸ்டார்ட் செய்வார். மறைத்திருந்தால் இந்த உதவி எங்கிருந்து வந்திருக்கும்?

இரண்டாம் தடவையும் பெயில்தான். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் போய்விட்டது. அண்ணன் வண்டி வாங்குகிறவரை வரச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அண்ணி அழுதது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. மறுநாள் காலையில் பீலிக்குப் போய் அதையும் சொன்னார். வாங்குகிறவர் வந்தபோது, "இன்னொரு தடவ போயிட்டு வாறேன், பொறுங்க" என்று வாசலில் வைத்தே அனுப்பிவிட்டார். நான் அந்த மனுசியை அண்ணாந்து பார்க்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். விழுவதில் அவருக்கும் வலி இருந்தது. ஆனால் வெட்கம் இல்லை.

மூன்றாம் தடவை பாஸ்.

லைசன்ஸ் கையில் வந்ததும் முதல் ஓட்டத்துக்கு அண்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். நானும் தொற்றிக்கொண்டேன். இறக்கம் வந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மலையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள், ஒருவரும் கத்தவில்லை. அண்ணன் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார்.

பீலிக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. "என்ன அண்ணே, ரிப்பேரு சரியாயிருச்சா?" என்று ஒருத்தி குறும்பாகக் கேட்டாள். நான் வழக்கம்போல ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் சொன்னார்.

"வண்டிக்கு ஒன்னுமில்ல தங்கச்சி. எனக்குத்தான் கண்ணு தெரியல."