கொம்புக் குதிரைச் சாமி

பேபிக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றுதான்: சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைக்க வேண்டும். பாரிவாக்கத்தில் அவள் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் ஷேர் ஆட்டோ ஸ்டாண்ட். ஏறுகிற ஆம்பளை, இறங்குகிற ஆம்பளை, சும்மா நிற்கிற ஆம்பளை, அத்தனை பேருக்கும் அந்தச் சுவரைப் பார்த்தால்தான் ஒன்றுக்கு வரும். சாமிப் படம் போட்ட டைல்ஸ் பதித்துப் பார்த்தாள். கர்மம், ஓரடி தள்ளி நின்று போனார்கள். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கும் அந்த நாற்றத்தில் பங்கு உண்டு.

பழைய கதவு வாங்க நசரத்பேட்டை காயலான் கடைக்குப் போனவள், பெயின்ட் அடித்த மரப்பலகை ஒன்றோடு திரும்பினாள். எந்தக் காலத்து வெள்ளைக்காரன் ஆபீஸில் தொங்கியதோ. நடுவில் கேடயம், மேலே கிரீடம், ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் நெற்றியில் கொம்பு முளைத்த குதிரை. சிங்கம் அம்மன் வாகனம், குதிரை அய்யனாருடையது. இரண்டும் சேர்ந்து நின்றால் எவனுக்குப் பயம் வராது? மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டிச் சுவரில் மாட்டினாள். மறுநாளே சுவர் காய்ந்தது. ஆட்டோ டிரைவர் வேம்புலி முதல் சவாரிக்கு முன்னால் அங்கே கற்பூரம் கொளுத்த ஆரம்பித்தான்.

எதிர் ஃப்ளாட்டுக்குப் புதிதாய் வந்த ஐ.டி.க்கார நிர்மலுக்கு வாய் சும்மா இருக்குமா? இது சாமியே இல்லை, இங்கிலாந்து ராஜாவின் சின்னம் என்று ஸ்டாண்டில் நின்று போனில் படம் காட்டி விளக்கிவிட்டார். சாயங்காலமே சுவர் நனைந்தது. அன்றைக்குத்தான் சுதந்திரம் கிடைத்த மாதிரி வரிசையில் நின்றார்கள், பாவிகள்.

பேபி நேராகப் போய் அவர் கதவைத் தட்டினாள்.

"நீ படிச்சவன் நைனா, கரீக்டாத்தான் சொல்லிக்கீற. இப்போ எங்க ஊட்டு ஜன்னலாண்ட வந்து குந்திகினு ஒரு வாய் சோறு துன்னுட்டுப் போ."

உள்ளிருந்து அவர் மனைவி நிவேதிதாவும் பிடித்துக்கொண்டாள். நம் பால்கனியிலும் அதே நாற்றம்தான், கெடுத்தவரே சரிபண்ணட்டும் என்றாள்.

மறுநாள் காலை நெற்றி நிறைய விபூதியோடு நிர்மல் பைக்கைத் தள்ளிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தார். சாமியைத் தப்பாய்ப் பேசிவிட்டேன், அதிலிருந்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கூசாமல் புளுகினார். வேம்புலி கன்னத்தில் போட்டுக்கொண்டான். சுவரோரம் நின்ற இரண்டு பேர் அவசரமாய் நகர்ந்தார்கள். பேபி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

கூட்டம் கலைந்ததும் நிர்மல் வேலைக்குக் கிளம்பப் பட்டனை அழுத்தினார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. உதைத்தார், உருட்டினார், ம்ஹும். முகம் வெளுத்துப்போய் ஷூவைக் கழற்றிவிட்டுப் பலகைமுன் நின்றார்.

பேபியின் சிரிப்பும் நின்றது. காயலான் கடையில் பேரம் பேசி அதைத் தூக்கிவந்தவளே அவள்தான். விறுவிறுவென்று உள்ளே போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப்புடவையோடு கற்பூரத் தட்டை ஏந்தி வந்தாள். என் பக்கம் குனிந்து மெதுவாய்க் கேட்டாள்:

"கோமளாக்கா, நான் சிரிச்சத அது பாத்துருக்குமா?"