வானத்தைப் பார்த்துச் சாய்ந்த எழுத்து

மகனுக்கு வாங்கிய ஷூ பெட்டியைத் திறந்ததும் மை வாசனை வந்தது. மூடியில் ஆங்கில எழுத்துகள், மூலை மூலையாக வெட்டுப்பட்டு, ஓடப்போகிறவன் முன்னால் குனிவதைப் போல வலப்பக்கம் சாய்ந்திருந்தன. ஒரு சைஸ் பெரிதாக எடுத்திருக்க வேண்டுமோ என்று கடையிலிருந்தே குழம்பிக்கொண்டு வந்தவள், அதை மறந்து எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், எனக்கு அந்த எழுத்தின் மேல் ஒரு காலத்தில் பெரிய மோகம். இரண்டாயிரங்களின் நடுவில், படிப்பு முடித்த கையோடு சிவகாசி அச்சகம் ஒன்றில் லேபிள் டிசைன் செய்யச் சேர்ந்தேன். பைக் டேங்கிலும் சிடி உறையிலும் அந்த எழுத்து புதிதாக வரத் தொடங்கிய நேரம். வளைவே கிடையாது, எல்லாம் கோடு, எல்லாம் வேகம். தமிழில் அப்படி ஒன்று எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. பட்டாசு ஆலை வைத்திருந்த தாயில்பட்டி அண்ணாச்சி ஒருவரின் ராக்கெட் பெட்டிக்குப் பெயரை நானே வரைந்தேன். நம் எழுத்துகள் பெரும்பாலும் உருண்டை. 'ட', 'ப' மாதிரிச் சிலதான் மூலையோடு பிறந்தவை. அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் மற்றவற்றைச் செதுக்கினேன்.

பக்கத்து சீட் பாத்திமா எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, இந்த எழுத்து என்ன, பஸ்ஸப் பிடிக்க ஓடுதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த லேபிள் தேறினால்தான் வேலை நிலைக்கும் என்று முதலாளி சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் சொந்த ஊர் மல்லாங்கிணற்றுக்குத் திரும்ப வேண்டியதுதான். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தயாராக இருந்தார்கள்.

அண்ணாச்சி முதலாளியோடு வந்தார். நீளமான மாதிரிப் பெட்டியை வாங்கி, கடையில் அடுக்குவது போல அலமாரியில் செங்குத்தாக நிறுத்தினார். எனக்குத் திக்கென்றது. ஸ்கிரீனில் அதைப் படுக்கவைத்தே பார்த்திருந்தேன். நிறுத்தியதும் பெயர் மேலிருந்து கீழே இறங்கியது; எழுத்தின் சாய்வும் தரையைப் பார்த்துப் பாய்ந்தது.

"ஏம்மா, நான் ராக்கெட்டுல்ல கேட்டேன். இது கெணத்துல குதிக்கிற மாதிரி இருக்கு?"

பாத்திமா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் போய்ப் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தினேன். பெயர் கீழிருந்து மேலே ஏறியது. அத்தனை எழுத்தும் கூரையைப் பார்த்துக் கிளம்பின.

"இப்ப நல்லாருக்கு. ஆனா ஒவ்வொரு கடையிலயும் நீ போயித் திருப்பி வைப்பியாக்கும்?"

"மேல் முனையில முருகன் படத்த நிமிந்தாப்ல போட்டுருவோம் அண்ணாச்சி. சாமியத் தலைகீழா யாரு வைப்பாக?"

சொன்ன பிறகு, இதற்குப் போய்ச் சாமியை இழுத்தோமே என்று பயமாகவும் இருந்தது.

அண்ணாச்சி முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். "இந்தப் பிள்ளைய விட்டுறாதீக."

அந்தத் தீபாவளிக்கு விருதுநகர் பஜாரில் கடை கடையாக நின்று பார்த்தேன். எல்லாப் பெட்டியிலும் முருகன் நிமிர்ந்து நின்றான். கீழே, வானத்தைப் பார்த்து என் எழுத்து.

அந்த ராக்கெட் இப்போது வருவதில்லை. வெடித்த காகிதம் காலில் மிதிபடும் என்று பட்டாசு லேபிள்களிலிருந்து சாமி படங்களும் போய்விட்டன. அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. மகன் பிறந்ததும் நானும் வேலையை விட்டேன். சரியா தப்பா என்று இன்னும் யோசிக்கிறேன்.

மகன் ஷூ பெட்டியை அலமாரியில் செங்குத்தாகச் செருகினான். எழுத்து தரையைப் பார்த்தது. என் கை தானாகப் போய் அதைத் திருப்பி வைத்தது. அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு பெட்டியை உருவித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "உஷ்ஷ்ஷ்" என்று வாசலுக்கு ஓடினான்.