மழைக்கு முன் வரும் காற்று

காலையில் எழுந்ததும் மற்ற பெண்கள் போனில் எதைப் பார்ப்பார்களோ தெரியாது. நான் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்ப்பேன். மலேசியாவில், கிள்ளானில், சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் டெரஸ் வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய். அதற்கு அந்தப் பக்கம் வரிசையாக அகாசியா மரங்கள். பூக்கும் மாதங்களில் நாலைந்து நாள் மழையில்லாமல் வெயில் காய்ந்தால் போதும், அந்த மஞ்சள் பூக்கள் மகரந்தத்தை உதிர்க்கத் தொடங்கிவிடும். கார் கண்ணாடியில் மஞ்சள் தூள் படியும். எனக்கு ஐந்து வயதிலிருந்து ஆஸ்த்மா. காற்று கால்வாய்ப் பக்கமிருந்து வந்தால் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். ஒரு மணி நேரம் மழை அடித்துப் பெய்தால் தூளையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். அன்றைக்கு நான் ராணி மாதிரி நடப்பேன்.

ஆனால் மழைக்கு முன்னால் வரும் காற்று இருக்கிறதே, அதுதான் எனக்கு எமன். இடிமழை கிளம்பும்போது ஒரு குளிர்காற்று அடிக்குமல்லவா, அது இருக்கிற தூளையெல்லாம் வாரிக்கொண்டு வரும். ஈரம் பட்டால் மகரந்தம் வெடித்து இன்னும் பொடியாகிவிடும், மூக்கில் தங்காமல் நேரே நுரையீரலுக்குள் போகும் என்று கிளினிக் டாக்டர் ஒருமுறை படம் போட்டுக் காட்டினார். ஊரே ஜன்னலைத் திறந்து அப்பாடா என்று மூச்சு விடும் நேரத்தில், நான் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன்.

அப்பா இறந்த பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். முதலில் வந்த வரன், என் ஆஸ்த்மா விஷயம் தெரிந்ததும் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டது. அது அம்மாவைச் சுட்டுவிட்டது. அதனால் பூச்சோங்கிலிருந்து இரண்டாவது வரன் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன சனிக்கிழமை, என் கைப்பையிலிருந்த இன்ஹேலர் பம்ப்பை அம்மா எடுத்து ஒளித்துவிட்டாள்.

"பம்ப் எங்கம்மா?"

"மேல வச்சிருக்கேன். ஒரு மணி நேரம் இல்லாம இருக்க முடியாதா?"

"அது என்ன வாட்ச்சா, கழட்டி வைக்க? பத்து நாளா மழை இல்ல. பூவெல்லாம் கொட்டிக்கிட்டு இருக்கு."

"அதான் ஏர்கான் போட்டு எல்லா ஜன்னலையும் சாத்திட்டேனே. சொல்றத கேளு லா. கல்யாணம் ஆனப்புறம் நீயே மெதுவா சொல்லிக்க."

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். எனக்கு வாய் இல்லாமலில்லை. ஆனால் அந்தப் பையனோடு இரண்டு வாரம் போனில் பேசியிருந்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

நாலு மணிக்கு அவரும் அவர் அம்மாவும் வந்தார்கள். நல்ல மனிதர்கள். தேநீர் கொடுத்து முடிப்பதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் மின்னல் வெட்டியதும் பையனின் அம்மா பதறினார்.

"ஏர்கான ஆஃப் பண்ணிடுங்க அக்கா. போன மாசம் இடி விழுந்து எங்க வீட்டுல ஏர்கான் போர்டே போச்சு."

இடி இடித்தால் ஏர்கானை நிறுத்துவதும் ப்ளக்கைப் பிடுங்குவதும் இங்கே எல்லா வீட்டிலும் வழக்கம்தான். மறுக்க அம்மாவிடம் காரணம் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நிறுத்தினாள். ஐந்து நிமிடத்தில் ஹால் புழுங்கியது. பையனின் அம்மா உரிமையோடு எழுந்து பின்பக்க ஜன்னலைத் திறந்தார்.

"தூசி வரும்..." என்றாள் அம்மா.

"மழை வரப்போகுது, தூசியெல்லாம் அடங்கிடும். பாருங்க, என்ன நல்ல காத்து."

திரைச்சீலை மேலெழும்பியது. முதலில் தொண்டை அரித்தது. பிறகு யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல நெஞ்சு சுருங்கியது. மூச்சு உள்ளே போனது, வெளியே வர அடம்பிடித்தது.

"ஷா ஆலம்ல இருக்கற உங்க ஆபிஸுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?" என்று பையன் கேட்டார்.

"ஏழு."

அதற்குமேல் சொல்ல என்னிடம் காற்று இல்லை.

"வீட்டுல சமைப்பீங்களா?"

தலையாட்டினேன். பையனின் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இந்தக் காலத்துல இவ்வளவு அடக்கமான பொண்ணா" என்றார். அந்த நிலைமையிலும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் செத்துக்கொண்டிருந்தேன், அவர் என் அடக்கத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்து மாடிப்படிக்குப் போனேன். பம்ப் மேலே எந்த அறையில், எந்த அலமாரியில் என்றுகூடத் தெரியாது. மூன்றாவது படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். என் நெஞ்சிலிருந்து வந்த சத்தம் ஹால்வரை கேட்டது. பயந்தேன். நிஜமாகவே இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மா என்னைத் தாண்டி ஓடினாள். முழங்கால் வலிக்காரி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறி, அதே வேகத்தில் இறங்கினாள். பம்ப்பைக் குலுக்கி என் வாயில் வைத்தாள்.

"இழு. பிடி. இப்ப விடு. இன்னொரு தடவ." பிறகு திரும்பிப் பார்க்காமலே, "யாராவது அந்த ஜன்னல சாத்துங்க" என்றாள். விருந்தாளிகளிடம் பேசும் குரல் இல்லை அது. பையன்தான் ஓடிப்போய்ச் சாத்தினார்.

நாலாவது முறை இழுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது. வெளியே மழை கொட்டத் தொடங்கியிருந்தது. பையனின் அம்மா படியருகில் வந்து நின்றார். தயங்கித்தான் கேட்டார்.

"இது... பொறக்கற பிள்ளைங்களுக்கும் வருமா அக்கா?"

அம்மாவின் கை என் முதுகில் இருந்தது. 

"வரலாம்" என்றாள். "உங்ககிட்ட மறைச்சது நான். இவ இல்ல."

மழை விட்டதும் மரியாதையாகவே விடைபெற்றுப் போனார்கள். மூன்று நாள் கழித்துப் பையனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தன் அம்மா பயப்படுகிறார், மன்னித்துவிடுங்கள் என்று. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மாவிடம் செய்தியைக் காட்டினேன். படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் கல்யாணத் தரகர் போன் செய்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு குடும்பமாம், பெண்ணைப் பற்றி விவரம் கேட்கிறார்களாம். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"எழுதிக்குங்க" என்றாள் அம்மா. "பொண்ணுக்கு ஆஸ்த்மா இருக்கு. அத மொதல்ல சொல்லிடுங்க. அதக் கேட்டுட்டும் வரேன்னு சொன்னா, மத்தத பேசலாம்."

என் படிப்பையும் வேலையையும் அவள் அதற்குப் பிறகுதான் சொன்னாள்.