ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சுருதி வைத்த எங்கள் பெரியக்கா

எங்கள் பெரியக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளில் பலர் அவரை ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அமைதியான ஒருவராகத்தான் அறிவீர்கள். இலண்டன் லூயிஷாமில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் அவர் யாராக இருந்தார் என்பதைச் சொல்லவே தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன்.

மன்னாரில் எங்கள் பெற்றோரின் மூத்த மகளாகப் பிறந்தார். பெண்பிள்ளைகளிடம் அதிகம் கேட்காத தாழ்ந்த, கனத்த குரல் அவருக்கு. பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் சேர்ந்தபோது, "நீர் சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைத்தால் போதும் பிள்ளை" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழவில்லை. அதே பாட்டைத் தனக்கு எட்டும் அளவுக்கு இறக்கித் தனியே பாடிப் பார்த்தார். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

போர் எங்களை ஊர் ஊராகத் துரத்தியது. அப்பாவை இழந்தபின் தம்பிமாரையும் என்னையும் ஆளாக்கியது பெரியக்காதான். தனக்கென்று ஒரு குடும்பத்தை அவர் தேடிக்கொள்ளவில்லை. இலண்டனுக்கு வந்தபின் பகலில் பாடசாலைச் சமையலறையில் வேலை, பின்னேரத்தில் பாட்டு வகுப்பு. வகுப்பு என்பதும் சரியான சொல்லல்ல. ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

"நாலு பேரைச் சேர்த்துச் சொல்லிக்குடுத்தால் உங்களுக்கும் லேசெல்லோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சேர்த்து வைச்சால் ஆரோ ஒருத்தர் வாயை மட்டும் அசைச்சுக்கொண்டு நிப்பார்" என்றார்.

வந்தவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். மூச்சு நீளாத தாதி ஒருவருக்கு ஒவ்வோர் அடியையும் இரண்டாக முறித்துக் கொடுத்தார். பஸ் சாரதி ஒருவருக்கு மகளை நித்திரையாக்க ஒரு தாலாட்டு வேண்டியிருந்தது. அதையே மாதக்கணக்கில் படிப்பித்தார். எல்லோருக்கும் பொதுவாக ஒரு மாதா பாட்டு உண்டு. அதையும் அவரவர் குரலுக்கேற்ற சுருதியில்தான் சொல்லிக்கொடுத்தார்.

பீற்றர் அண்ணையை அவருடைய மனைவி றீற்றா அக்கா கைப்பிடித்து அழைத்து வந்தார். பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சுப் போய்விட்டது.

"கதைக்க ஏலாது ரீச்சர். ஆனா பூசையில பாட்டெண்டால் சொல்லோட வருது. என்ர பேர்தான் வருகுதில்லை" என்று சொல்லி றீற்றா அக்கா அழுதார்.

 பெரியக்கா மாதா பாட்டின் முதலடி மெட்டில் சொற்களை மாற்றி, "றீற்றா, தண்ணி தாரும்" என்று பாடிக் காட்டினார். பீற்றர் அண்ணையின் இடக்கையைப் பிடித்து மேசையில் தாளம் தட்டவைத்தார். பல வாரங்கள் வெறும் மூச்சுத்தான் வந்தது. ஒரு நாள் மேலேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டு ஓடிப்போனேன். றீற்றா அக்கா முகத்தை மூடிக்கொண்டு நின்றார். பீற்றர் அண்ணை பாடிக்கொண்டிருந்தார்: "றீற்றா... தண்ணி..."

அதன்பின் தேத்தண்ணி, சப்பாத்து, குளிர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி. ஆனால் மெட்டில்லாமல் ஒரு சொல்லும் வரவில்லை. "மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் கழட்டவேணும். அதுவரைக்கும் நான் இருக்கவேணும்" என்பார் பெரியக்கா.

இருக்கவில்லை. நுரையீரலில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது அது நன்றாகப் பரவியிருந்தது. படியேற முடியாமல் போனதும் கீழே கட்டில் போட்டோம். பாடிக்காட்ட மூச்சில்லாதபோது விரலை ஏற்றியும் இறக்கியும் காட்டிப் படிப்பித்தார். ஹொஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்துக்குப் புறப்பட்ட நாளில், "வாற ஆக்களுக்குச் சொல்லிவிடு. கதவடியில நிண்டுபோட்டுத் திரும்பிப் போகக்கூடாது" என்று சொல்லும்போதுதான் அவர் கண் கலங்கியது. ஒரு மழைநாள் மதியம், எங்கள் கைகளுக்குள் கைவைத்தபடி, அடங்கிப்போனார்.

அடக்கத் திருப்பலியில்தான் அவருடைய மாணவர்கள் முதன்முறையாக ஒருவரையொருவர் கண்டார்கள். மாதா பாட்டைச் சேர்ந்து பாட எழுந்தார்கள். கீபோர்ட் வாசித்தவர் "எந்தச் சுருதி?" என்று கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். தொடங்கியதும் குரல்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுபோயின. பின்பு அந்தத் தாதி தனியே, தன் சுருதியில், அடிகளை முறித்து முறித்து ஒரு சரணம் பாடினார். அவர் முடித்ததும் பஸ் சாரதி தொடங்கினார். அப்படியே ஒருவர்பின் ஒருவராகப் பாடி முடித்தார்கள். நாங்கள் குடும்பமாக இருந்து அழுதோம்.

ஹொஸ்பிஸில் அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த தாதியருக்கும், பங்குத்தந்தைக்கும், வாரக்கணக்கில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்து தந்த அயலவருக்கும், தூரதேசங்களிலிருந்து வந்தும் அழைத்தும் ஆறுதல் சொன்ன உறவுகளுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

பீற்றர் அண்ணைக்குத் தனியாக ஒரு நன்றி. அன்று ஆலயத்தில் அவரால் பாட முடியவில்லை. சேமக்காலையில் மண் போடும் முறை வந்தபோது மனைவியின் கையை விட்டுவிட்டு முன்னே வந்தார். குழிக்குள் பார்த்தபடி நின்றார். றீற்றா அக்கா மெல்ல மெட்டை எடுத்துக் கொடுத்தார். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, மெட்டில்லாமல், தட்டுத்தடுமாறிச் சொன்னார்:

"ரீச்சர்... போயிட்டு வாங்கோ."